மட்டக்களப்பில் பிள்ளைகளோடு ஒரு நாள்: கச்சான் அடித்தாலும் மாரி பெய்தாலும் எங்கே போகலாம்?

செங்கலடிப் பிள்ளை கேட்டது:

வணக்கம். ஓகஸ்ட் லீவில் ஹற்றனிலிருந்து ஒரு குடும்பமும், டிசம்பர் லீவில் யாழ்ப்பாணத்திலிருந்து இன்னொரு குடும்பமும் எங்கட வீட்டுக்கு வாறாங்க. இரண்டு தடவையும் ஆள் கணக்கு ஒன்றுதான்: 4, 7, 11 வயதில் மூன்று பிள்ளைகள், தாய் தகப்பன், முழங்கால் வருத்தத்தோடு அம்மம்மா, நான். நாலு நாலு நாள் நிற்பாங்க. ஒரு நாளைக்கு மட்டும் வான் பிடிக்கலாம், மற்ற நாட்களில் பஸ், ஓட்டோ, ரயில்.

கேட்க வேண்டியது இவ்வளவுதான். பிள்ளைகளைக் கடலில் இறக்குவதென்றால் எங்கே, எத்தனை மணிக்கு? டிசம்பரில் நாள் முழுக்க மழை பிடித்தால் ரீவிக்கு முன்னால் இருத்தாமல் எங்கே கூட்டிக்கொண்டு போவது? அம்மம்மாவையும் வீட்டில் விட்டுவிட்டுப் போக மனமில்லை. இந்த இரண்டு மாதத்தையும் நன்றாகத் தெரிந்தவங்க சொல்லுங்க.

---

வாவிக்கரை:

தங்கச்சி, இடங்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நாளைப் பங்கு போட்டால் கரச்சல்தான் வரும். இங்கே முதலில் பார்க்க வேண்டியது காற்றும் மணியும். அவை சரியென்றால் இடம் தானாகப் பொருந்தும்.

கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கிற ஒடுங்கிய நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயலும் குளமுமாக இருப்பது படுவான்கரை. சூரியன் எந்த நேரம் எங்கே நிற்கும் என்பதை ஊர்ப்பெயரே சொல்லிவிடுகிறது. கடற்கரையில் காலை வெயில் நேரே முகத்தில் அடிக்கும். பின்னேரம் சூரியன் முதுகுப் பக்கம் போய்விடும். ஆகவே கல்லடிக் கடற்கரைக்கு இரண்டே நேரம்தான் நல்லது: விடிய 5.45 முதல் 8 மணி வரை, பின்னேரம் 4 மணிக்குப் பிறகு. ஓகஸ்டில் பொழுது 6.15 அளவில் சாயும், டிசம்பரில் 5.45 தாண்டினாலே இருட்டத் தொடங்கும். அந்த அரை மணித்தியால வித்தியாசத்தை மறந்துதான் பலர் இருட்டுக்குள் செருப்பும் துவாயும் தேடுகிறார்கள்.

இனி ஓகஸ்ட். அது கச்சான் காலம். ஹற்றன் ஆட்களுக்கு முதலே விளக்கிவிடுங்க, அவங்களுக்குக் கச்சான் என்றால் நிலக்கடலை மட்டும்தான். தென்மேல் பருவக்காற்று தன் ஈரத்தையெல்லாம் மலைநாட்டின் மேற்குச் சரிவிலே மழையாகக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி இறங்கும்போது காய்ந்து சூடாகி நம்ம பக்கம் வருகிறது. அதுதான் கச்சான். ஹற்றனில் குளிர் மழையாக இருந்த அதே காற்று இங்கே அனலாக வீசும். குளிருக்குப் பழகிய பிள்ளைகளுக்கு முதல் இரண்டு நாளும் உடம்பு ஈடுகொடுக்காது. அதனால் வந்த அன்றைக்கும் அடுத்த நாளும் நெடும்பயணம் வைக்காதீங்க. காலை 10 முதல் பின்னேரம் 3 வரை நிழலில் இருக்க வேணும். அந்த நேரம் மணல் வெறுங்காலைச் சுடும், 4 வயசுப் பிள்ளைக்குக் கொப்புளமே போடலாம்.

தண்ணீர்: அரை நாளுக்குப் பெரிய ஆளுக்கு 2 லீற்றர், பிள்ளைக்கு 1 லீற்றர் என்று கணக்கு வைத்துக்கொண்டு போங்க. தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் அரை மணிக்கு ஒரு தடவை நாலு மிடறு. இளநீர் நல்லதுதான், ஆனால் தண்ணீரைக் குறைத்துவிட்டு இளநீரை மட்டும் கொடுக்க வேண்டாம். பையில் இரண்டு ஜீவனிப் பக்கெற் (தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புச் சீனித் தூள்) இருக்கட்டும். ஒரு பக்கெற்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் முழுசாகக் கரைக்க வேணும். பாதிப் பக்கெற்றை ஒரு கோப்பையில் போட்டுக் கொடுப்பது பிழை, உப்பு கூடிவிடும். கரைத்ததை 24 மணித்தியாலத்துக்கு மேல் வைக்கக்கூடாது. பிள்ளை வேர்க்காமல், முகம் சிவந்து, சோர்ந்து, கதைக்காமல் இருந்தால் விளையாட்டு முடிந்தது. நிழல், ஈரத்துணி, விசிறி, அதோடு உடனே 1990-க்கு அழைத்து அம்புலன்ஸ்.

ஓகஸ்டில் ஒரு நாளை இப்படி ஓட்டலாம். விடிய 5.30-க்குக் கல்லடி. சூரியன் கடலிலிருந்து எழும்புவதை மலைநாட்டுப் பிள்ளைகள் கண்டிருக்க மாட்டார்கள். 8 மணிக்கு நகர நடுவான புளியந்தீவுக்கு வந்து பிட்டோ இடியப்பமோ. 8.30 முதல் 10 வரை காந்தி பூங்காவும் மட்டக்களப்பு வாசலும். 1814-இல் வந்து இறங்கிய மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட்டின் சிலை அங்கேதான் நிற்கிறது. அதே ஆண்டு அவர் தொடங்கிய பள்ளிக்கூடம்தான் இன்றைய மத்திய கல்லூரி. அந்த வாவியோரம் சமதரை, இருக்கைகள் உண்டு, ஓட்டோ கிட்ட வந்து நிற்கும். அம்மம்மாவுக்கு ஊரிலேயே மிகச் சுகமான இடம் அதுதான். 10 மணிக்கு வீடு, சாப்பாடு, நித்திரை. 4 மணிக்குப் பாலமீன்மடு.

பாலமீன்மடு வெளிச்சவீடு 1913-இல் கட்டியது, 28 மீற்றர் உயரம். அங்கிருந்து கண்டல் காட்டுக்குள் படகுச் சவாரி போகலாம். கொக்கு, நீர்க்காகம், மீன்கொத்தி எல்லாம் கிட்டத்தில் தெரியும். ஏறுவதற்கு முன் மூன்று காரியம்: கூலியையும் எத்தனை நிமிடம் என்பதையும் முதலே பேசி முடிப்பது, பிள்ளைகளின் அளவுக்குப் பாதுகாப்பு அங்கி இருக்கா என்று போட்டுப் பார்ப்பது (பெரியாளின் அங்கியைப் பிள்ளைக்குப் போட்டால் தண்ணீரில் தலைவழியே கழன்றுவிடும்), கையைத் தண்ணீருக்குள் விடாமல் இருக்கச் சொல்வது. வாவியில் முதலை உண்டு. கண்டல் வேர் அடர்ந்த கரையில் கால் கழுவ இறங்குவதும் கூடாது.

---

கரைவலை:

வாவிக்கரை அண்ணன் சொன்னதெல்லாம் சரி. கடலைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கு, ஏனென்றால் கச்சான் காலத்து ஆபத்து கண்ணுக்குத் தெரியாது.

கச்சான் மேற்கிலிருந்து வீசுவது, அதாவது கரையிலிருந்து கடலுக்கு. அலையைப் படுக்க வைத்துவிடும், கரையோரம் குளம் மாதிரித் தெரியும். தகப்பன்மார் அதைப் பார்த்துவிட்டுக் காற்றடித்த டியூப், பிளாஸ்டிக் வாத்து, மிதவை மெத்தை எல்லாவற்றையும் கொண்டுவந்து பிள்ளையை ஏற்றிவிடுவார்கள். டியூப் தண்ணீரில் ஆழமாக உட்காருவதில்லை, மேலே பாய்மரம் மாதிரிக் காற்றைப் பிடிக்கும். இரண்டு நிமிடத்தில் ஆளுக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விடும். பந்துக்குப் பின்னால் நீந்துகிறவனுக்கும் இதே கதிதான். கச்சான் அடிக்கும் நாளில் காற்றடித்த எந்தச் சாமானும் கடலுக்கு வேண்டாம். பந்து போனால் போகட்டும் என்று பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்லிக் கூட்டிவாங்க. காற்றின் திசை பார்க்கக் காய்ந்த மணலை ஒரு பிடி எடுத்து விடுங்க, கடல் பக்கம் பறந்தால் கச்சான்.

கல்லடி, நாவலடிப் பக்கம் கரை சரிவானது. நாலு எட்டு வைத்தால் இடுப்பு, இன்னும் இரண்டு எட்டில் கழுத்து. அலை கரையிலேயே மடிந்து விழும். அங்கே சின்னப் பிள்ளைகளுக்குக் கால் நனைப்பு மட்டும். குளிக்க வேண்டுமென்றால் பாசிக்குடா. பவளப்பாறை அலையை வெளியிலே உடைத்துவிடுவதால் குடாவுக்குள் தண்ணீர் அமைதியாக, நெடுந்தூரம் ஆழமில்லாமல் கிடக்கும். 7 வயசுப் பிள்ளை இடுப்பளவில் நின்று விளையாடலாம். ஆனால் அடியில் உடைந்த பவளத் துண்டுகள் கிடக்கும், காலை வெட்டினால் கெதியில் ஆறாது. பழைய கன்வஸ் சப்பாத்தோ பின்வார் வைத்த செருப்போ போட்டுக்கொண்டு இறங்கட்டும். என்ஜின் படகுகள் ஓடுகிற பக்கம் வேண்டாம், குளிப்பதற்கு ஒதுக்கின பகுதிக்குள்ளேயே நில்லுங்க.

மேற்பார்வைக்கு ஒரு கணக்கு: ஒரு சின்னப் பிள்ளைக்கு ஒரு பெரிய ஆள், கை எட்டும் தூரத்தில், தண்ணீருக்குள்ளேயே. கரையிலிருந்து பார்ப்பது பார்வை இல்லை. 20 நிமிடத்துக்கு ஒருக்கால் ஆளை மாற்றுங்க, பார்க்கிறவர் கையில் போன் இருக்கக்கூடாது. தண்ணீரில் அமிழ்கிற பிள்ளை கத்தாது, கையை ஆட்டாது, சத்தமில்லாமல் கீழே போகும்.

இழுவை நீரோட்டத்தைக் கண்டுபிடிக்கும் விதம்: இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடையும், நடுவில் ஒரு கீற்று உடையாமல் கறுத்து அமைதியாகத் தெரியும். நல்ல இடம் என்று ஆட்கள் அதற்குள்தான் இறங்குவார்கள். கரையில் அடித்த தண்ணீர் திரும்பி ஓடுகிற வாய்க்கால் அது. மாட்டினால் கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தக்கூடாது. கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடைகிற இடத்துக்கு வந்து, அந்த அலையோடு கரைக்கு வரவேணும். முடியாவிட்டால் மல்லாந்து மிதந்து ஒரு கையை உயர்த்துங்க.

சொறிமுட்டை என்று சொல்கிற இழுதுமீன் பட்டால் நல்ல தண்ணீரால் கழுவாதீங்க, மணலால் தேய்க்காதீங்க, இரண்டும் நஞ்சைக் கூட்டும். கடல்தண்ணீரால் ஊற்றிக் கழுவி, ஒட்டியிருக்கும் நாரை அட்டைத் துண்டாலோ குச்சியாலோ எடுத்துவிட்டு, தாங்கக்கூடிய சுடுதண்ணீரில் 20 நிமிடம் வையுங்க. மூச்சு முட்டினால், முகம் வீங்கினால் நேரே ஆசுபத்திரி.

பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்ட வேண்டியது ஒன்று உண்டு. கடல் அடங்கிய மாதங்களில் விடியக்காலம் கரைவலை இழுப்பதைக் காணலாம். தோணியில் கொண்டுபோய் அரை வட்டமாக வலையை வளைத்துவிட்டு, இரண்டு முனைக் கயிற்றையும் இரண்டு கூட்டம் பிடித்து இழுக்கும். இரண்டு கூட்டமும் மெல்ல மெல்லக் கிட்ட வந்து, கடைசியில் வலையின் பையான மடி கரையேறும். மடியில் சூடை, கீரி, நெத்தலி, சில நாள் பாரை. கயிற்றைத் தாண்டவும் கூடாது, மிதிக்கவும் கூடாது, இரண்டு கயிற்றுக்கும் நடுவே நிற்கவும் கூடாது. இழுவையில் இருக்கிற கயிறு அறுந்தால் காலை வெட்டும். பிள்ளையும் இழுக்க ஆசைப்பட்டால் வலைச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் கேளுங்க, வால் பக்கம் பிடிக்க விடுவார்கள். மடி ஏறின பிறகு மீனும் அங்கேயே வாங்கலாம். ஐஸ் பெட்டியோ ஈரச் சாக்கோ கொண்டுபோனால்தான் வீடு வரை தாங்கும், கச்சான் வெயிலில் ஒரு மணித்தியாலமே கூட.

---

செங்கலடிப் பிள்ளை:

இரண்டு அண்ணன்மாருக்கும் நன்றி. டியூப் விஷயம் மனதில் நன்றாகப் பதிந்துவிட்டது, வாங்கி வைத்திருந்ததைத் திருப்பிக் கொடுக்கப் போறன். ஓகஸ்ட் தெளிவு. டிசம்பரிலும் பாசிக்குடா அமைதியாகத்தானே இருக்கும் என்று சிலர் சொல்றாங்க, உண்மையா? மழை நாளுக்கும் யாராவது சொல்லுங்க. வாவிக்குள்ளிருந்து கேட்கும் பாடும் மீன் சத்தத்தையும் பிள்ளைகள் கேட்க ஆசைப்படுறாங்க.

---

கரைவலை:

டிசம்பரில் குடாவுக்குள் அலை மற்றக் கரைகளை விடக் குறைவுதான். ஆனால் வாடைக்காற்று கரையைப் பார்த்து வீசுவதால் தண்ணீர் கலங்கிப்போகும், அடி தெரியாது. அடி தெரியாத தண்ணீரில் 4 வயசுப் பிள்ளையை இறக்காதீங்க. வெயில் எறித்த நாளில் மணலில் விளையாட, கால் நனைக்கப் போகலாம். குளிப்புக்கு அது மாதமில்லை. கல்லடியில் டிசம்பரில் கால் நனைப்பும் வேண்டாம், அலை ஆளைச் சரித்து இழுக்கும்.

வாவி கடலில் கலக்கிற முகத்துவாரம் பக்கம் இன்னும் கவனம். கோடையில் கடல் மணலைக் கொண்டுவந்து வாயை அடைத்துவிடும், ஆட்கள் நடந்து திரிவார்கள். மாரியில் வாவி பெருகினதும் வாய் திறக்கும், தானாக உடையாவிட்டால் வெட்டியும் விடுவார்கள். படுவான்கரைக் குளங்களின் வெள்ளம் முழுக்க அந்த வாயால்தான் கடலுக்குப் போகும். மரக்குற்றி, ஆற்றுவாழை எல்லாம் அடித்துக்கொண்டு வரும், மணல் விளிம்பு காலுக்குக் கீழே துண்டு துண்டாக இடிந்து விழும். பார்க்கப் போனால் விளிம்பிலிருந்து முப்பது எட்டாவது தள்ளி நில்லுங்க, சின்னதுகளைக் கையில் பிடித்துக்கொண்டு.

---

புளியந்தீவு:

மழை நாள் பற்றி எழுதுகிறேன். முதலில் மழையை இரண்டாகப் பிரியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வருவது பெரும்பாலும் பின்னேர இடிமழை. காலை வெளுத்திருக்கும், 2 மணிக்கு மேல் கறுக்கும். மார்கழியில் இடி குறைவு, ஆனால் தாழமுக்கம் வந்தால் இரண்டு மூன்று நாள் விடாது. இடிமழைக்கு நாளை மாற்றத் தேவையில்லை, வெளியே போகும் காரியங்களைக் காலையில் முடித்தால் போதும். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் 30 வினாடிக்குக் குறைந்தால் கடற்கரை, படகு, வயல்வெளி எல்லாவற்றையும் விட்டுக் கட்டடத்துக்குள் வர வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் வெளியேறக் கூடாது. தென்னைக்குக் கீழே ஒதுங்குவதுதான் மிகக் கெட்ட இடம்.

அடைமழை நாளுக்கு என் முதல் தெரிவு ரயில். பிள்ளைகளுக்கு மழை ஒரு தடையாகவே தெரியாத ஒரே இடம் ரயில் யன்னல்தான். செங்கலடிக்கு ஏறாவூர் ஸ்டேஷன் கிட்ட. அங்கே ஏறி வாழைச்சேனையிலோ கல்குடாவிலோ இறங்குங்கள், திரும்பிவரப் பஸ். இந்தப் பாதையில் ஒரு நாளைக்கு ஓடுவது சில ரயில்களே, ஆகவே திரும்புவதையும் ரயிலில் வைத்தால் ஸ்டேஷனில் மணிக்கணக்கில் இருக்க நேரும். திருகோணமலை வீதியில் பஸ் அடிக்கடி உண்டு. வயல் நிறையத் தண்ணீர், எருமை, கொக்கு, பனந்தோப்பு என்று பார்க்க நிறைய இருக்கும். பொலன்னறுவை வரை நீட்டினால் மன்னம்பிட்டியில் மகாவலியைக் கடக்கும் இரும்புப் பாலம் வரும், 11 வயசுப் பிள்ளைக்கு அது பெரிய விருந்து. ஆனால் பெருவெள்ளத்தில் அந்தப் பகுதியில்தான் ரயில் நிற்கும். விடியவே ஸ்டேஷனுக்கு ஒரு அழைப்பு எடுத்து ஓடுகிறதா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். ஏறாவூரில் மேடையிலிருந்து படி உயரம், அம்மம்மாவை ஏற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் முதலே ஏறிக் கை கொடுக்க, மற்றவர் பின்னால்.

இரண்டாவது, காத்தான்குடிப் பூர்வீக நூதனசாலை. நகரத்திலிருந்து ஐந்தாறு கிலோமீற்றர்தான். பழைய வீட்டுச் சாமான், தொழிற்கருவி, ஆள் உயர உருவங்கள் என்று பிள்ளைகள் நின்று பார்க்கக்கூடியவை. வெள்ளிக்கிழமை நண்பகல் போகாதீர்கள், ஜும்ஆ நேரம் ஊர் முழுக்கக் கடை அடைப்பு. நோன்பு மாதமென்றால் பகலில் சாப்பாட்டுக் கடையும் திறந்திருக்காது. தோளும் முழங்காலும் மறைய உடுத்திப் போவது மரியாதை. மழை விட்டால் பிரதான வீதியின் நடுவே நிற்கும் பேரீச்சை மரங்களைக் காட்டுங்கள். திரும்பும்போது புரியாணி.

மூன்றாவது, புளியந்தீவுக் கோட்டை. போர்த்துக்கேயர் 1628-இல் கட்டியது, 1638-இல் ஒல்லாந்தர் பிடித்தது. தூறலுக்குக் குடையோடு பார்க்கலாம், தடித்த மதிலுக்குக் கீழே ஒதுங்க இடம் உண்டு. மதில் மேல் கல் பாசி பிடித்து வழுக்கும், மழை நாளில் பிள்ளைகளை மேலே ஏற்ற வேண்டாம். நான்காவது கல்லடியில் சுவாமி விபுலானந்தரின் சமாதி. அமைதியான இடம், சத்தம் போடாத பிள்ளைகளுக்கு அரை மணித்தியாலம் போதும்.

போகக் கூடாதவை: மாரியில் குடும்பிமலைப் பக்கம் வேண்டாம். கிரான் புலிபாய்ந்தகல் வழி வெள்ளத்துக்குள் போய்விடும், போன வாகனம் திரும்ப முடியாது. மண்டூர், வெல்லாவெளி வீதியும் அப்படியே. வீதிக்குக் குறுக்கே ஓடும் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே என்றாலும் வானை இறக்கச் சொல்லாதீர்கள், தார் அரித்துப்போயிருப்பது மேலிருந்து தெரியாது. வெள்ளத் தண்ணீரில் பிள்ளைகள் விளையாடுவதும் கூடாது. காலில் சிறு கீறல் இருந்தாலே எலிக்காய்ச்சல் கிருமிக்கு வாசல் போதும். மழைக்காலம் டெங்குக் காலமும்தான். அந்த நுளம்பு காலையிலும் பொழுதுபடுகிற நேரத்திலும் கடிக்கும், முழுக்கைச் சட்டை போட்டுவிடுங்கள். வானிலைக்கு வளிமண்டலவியல் திணைக்களத்தின் தமிழ் அறிக்கையை முதல் நாள் இரவும் விடியவும் பாருங்கள். வெள்ளம், புயல் அவசரத்துக்கு 117.

பை: ஆளுக்கு ஒரு மாற்றுடுப்பைத் தனித்தனிப் பொலித்தீன் பையில் கட்டுங்கள். ஒன்றாகக் கட்டினால் ஒருவருடையது நனைந்து எல்லாம் நனையும். ஈரத்தைப் போட வெறும் பை இரண்டு. துவாய் மூன்று போதும். குடை பிள்ளைகளுக்கு வேண்டாம், காற்றில் திரும்பி முகத்தில் அடிக்கும், மழைச்சட்டைதான் நல்லது. ஃபிளாஸ்கில் இஞ்சித் தேநீர்.

---

காரைதீவு:

வான் பிடிக்கிற நாளை அம்பாறைப் பக்கம் வையுங்க, மற்ற நாட்களுக்கு மட்டக்களப்பே போதும்.

டிசம்பரில் மூட்டமாக இருந்து பெருமழை இல்லாத நாளென்றால் மகா ஓயா வெந்நீர் ஊற்று. செங்கலடியிலிருந்து பதுளை வீதியில் நேரே போகலாம், உங்களுக்கு வழி சுகம். ஒவ்வொரு கிணற்றுக்கும் சூடு வேறு. சிலதில் கையே வைக்க ஏலாது. வாளியில் மொண்டு, பெரிய ஆள் முழங்கையால் தொட்டுப் பார்த்து, தேவையென்றால் ஆற வைத்துப் பிள்ளைக்கு ஊற்றுங்க. கிணற்று விளிம்பில் பிள்ளையை இருத்தக்கூடாது. அம்மம்மாவின் முழங்காலுக்கு 10 நிமிடம் இதமாக இருக்கும். இருதய வருத்தம், பிரஷர் இருந்தால் காலுக்கு மட்டும். அந்த வீதியில் பொழுதுபட்டால் யானை இறங்கும், 3 மணிக்கே திரும்பத் தொடங்குங்க.

ஓகஸ்டில் வான் நாள் என்றால் தெற்கே. காலை 6 மணிக்கு வெளிக்கிட்டுக் காரைதீவு, சுவாமி விபுலானந்தர் 1892-இல் பிறந்த ஊர். பிறகு திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமி கோயில். கடலோரக் கோயில், மதியத்துக்கு முன் போனால் மணல் சுடாது. அங்கிருந்து பொத்துவில், அறுகம்குடா. அறுகம்குடாவுக்கு மட்டக்களப்பிலிருந்து 100 கிலோமீற்றருக்கு மேல், ஆகவே ஒரே நாளில் போய்வந்தால் பிள்ளைகள் களைத்துவிடும். முடிந்தால் இரவு தங்குங்க, இல்லாவிட்டால் திருக்கோவிலோடு திரும்புங்க. தங்கினாலும், ஓகஸ்டில் அங்கே அலைச்சறுக்கு உச்சத்தில் இருக்கும், முனைப் பக்கத்து அலை பிள்ளைகளுக்கில்லை. தோணிகள் நிற்கிற உள்வளைவில்தான் அமைதி.

---

வாவிக்கரை:

பாடும் மீன் டிசம்பரில் கிடைக்காது. சித்திரை முதல் புரட்டாதி வரைதான் அதற்குக் காலம், அதிலும் பூரணையை ஒட்டிய இரவுகள். ஓகஸ்ட் விருந்தாளிகளுக்குத்தான் வாய்ப்பு. கல்லடிப் பாலத்துக்குக் கிட்ட, 1924-இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தடியில் என்று சொல்வார்கள். பாலத்தில் நின்று கேட்க ஏலாது, வாகன இரைச்சல். இரவு 9 மணிக்குப் பிறகு சின்னத் தோணியில் போய், எஞ்சின் இருந்தால் நிறுத்தி, துடுப்பின் அகன்ற பக்கத்தைத் தண்ணீரில் அமிழ்த்தி மற்ற முனையைக் காது எலும்போடு அழுத்திப் பிடிக்க வேணும். தண்ணீருக்குள் எழும் ஒலியை மரம் நன்றாகக் கடத்தும், காற்றுக்கு அது சரியாக வந்து சேராது. தம்பூராவின் ஒற்றைத் தந்தி மாதிரி ஒரு முனகல். அலை அடித்தால், காற்று எழுந்தால் ஒன்றும் கேளாது. மீனா, சிப்பியா, ஊரியா எது அந்தச் சத்தத்தை எழுப்புகிறது என்பது இன்னும் தீர்ந்த கேள்வியில்லை. பிள்ளைகளுக்கு அதையும் சொல்லிக் கூட்டிப்போங்க. 4 வயசுப் பிள்ளைக்கு இரவுத் தோணி வேண்டாம், அது அம்மம்மாவோடு வீட்டில் நிற்கட்டும்.

பாதை, அதாவது வாவியைக் கடக்கிற மிதவைப் படகு, ஏறவும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். மண்முனையில் 2014-இல் பாலம் வந்தபிறகு அங்கே இல்லை. குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு இன்னும் பாதை ஓடுது, மனுஷரும் மோட்டார் சைக்கிளும் ஒன்றாக ஏறி வாவியைக் கடப்பார்கள். ஏறினதும் நடுவில் நிற்க வேணும், ஓரத்தில் கயிற்றில் சாயக்கூடாது. மறுகரையில் மண்டூர் முருகன் கோயில். காற்று பலத்தால், வெள்ளம் வந்தால் நிறுத்திவிடுவார்கள், ஆக இதுவும் ஓகஸ்டுக்கு.

---

செங்கலடிப் பிள்ளை:

டிசம்பருக்கு இப்படி எழுதி வைத்திருக்கிறன். 25 வந்து சேருதல். 26 காலை கல்லடி, நாவலடிக் கடற்கரையில் காலைச் சாப்பாடு, பின்னேரம் பாலமீன்மடு. 27 மகா ஓயா வான். 28 ரயில். மழை பிடித்தால் மகா ஓயாவைத் தள்ளிக் காத்தான்குடி. பிழை இருந்தால் சொல்லுங்க.

---

கரைவலை:

26-ஐ மாற்றுங்க தங்கச்சி. அது 2004 சுனாமி நாள். நாவலடியும் கல்லடியும் அன்றைக்கு அள்ளுண்டு போன கரைகள். காலை 9.25 முதல் இரண்டு நிமிடம் நாடு முழுக்க மௌனம், உறவுகளை இழந்த குடும்பங்கள் விளக்கோடும் பூவோடும் நினைவுத்தூபிக்கு வருவாங்க. அன்றைக்கு அங்கே சாப்பாட்டுப் பார்சல் விரிக்கக் கூடாது. 11 வயசுப் பிள்ளையையும் பெரிய ஆட்களையும் அந்த நேரம் கூட்டிவந்து ஓரமாக நின்றுவிட்டுப் போகலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டாங்க. பிள்ளைக்கு ஒன்றைச் சொல்லிக் கொடுங்க: நிலம் நெடுநேரம் ஆடினாலோ, கடல் வழமைக்கு மாறாக உள்வாங்கினாலோ, மீன் பொறுக்கப் போகாமல் உள்நாட்டுப் பக்கம், மேட்டுக்கு ஓட வேணும், ஆரும் சொல்லும் வரை காத்திராமல்.

26 பின்னேரத்துக்குப் பாலமீன்மடுவுக்குப் பதில் காந்தி பூங்கா. முகத்துவாரம் திறந்திருக்கும் மாதத்தில் அந்தப் பக்கம் படகுச் சவாரி வேண்டாம்.

---

புளியந்தீவு:

27-க்கு வான்காரரிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள்: காலை 6.30-க்கு மழை கொட்டினால் 28-க்கு மாறும், ரயில் 27-க்கு வரும் என்று. இரண்டு நாளையும் மாற்றிப் போடலாம் என்ற பேச்சு முற்பணம் கொடுக்கும்போதே இருக்க வேண்டும். லீவுக் காலத்தில் அன்றைய காலை கேட்டால் இன்னொரு வான் கிடைக்காது.